பாட்டுக்குச் சந்தா: சேலத்து வீட்டுக்கும் சேர்வராயன் மலைக்கும் எது பொருந்தும்?

சேலத்தில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்கு எல்லா இசைச் சேவைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். தேடினால் பாட்டு வருகிறது, தொட்டால் ஓடுகிறது. அதே கைபேசியோடு அடிவாரத்தைத் தாண்டி, ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கும்போதுதான் சேவைக்குச் சேவை உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. வளைவுகளுக்கு நடுவே சிக்னல் அறுந்து அறுந்து வரும். மேலே நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மழைக்கு மின்சாரம் நின்றால் ரூட்டரும் சேர்ந்து அணையும். அப்போது கைபேசிக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் பாட்டு.

"எதற்குப் பணம் கட்டலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். ஸ்பாட்டிஃபையா, யூடியூப் மியூசிக்கா, ஆப்பிளா, ஜியோசாவனா? நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். வீட்டில் பாட்டு எந்தக் கருவியில் ஒலிக்கப் போகிறது? இணையம் இல்லாத நேரம் எவ்வளவு? யார் யார் கேட்கப் போகிறார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதிப் பெயர்கள் தாமே விலகிவிடும். எங்களிடம் இத்தனை கோடிப் பாடல்கள் என்று ஒவ்வொரு சேவையும் சொல்லும் எண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. உங்கள் வீட்டுக்கு வேண்டிய ஐந்நூறு பாடல்கள் அதற்குள் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

### இணையம் இல்லாதபோது என்ன நடக்கிறது

பதிவிறக்கம் செய்துவிட்டால் பாட்டு நம்முடையதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. அந்தப் பாட்டு செயலிக்குள் பூட்டி வைக்கப்பட்ட கோப்பு. அதை வெளியே எடுத்து நண்பருக்கு அனுப்பவோ, காரில் செருகும் பென் டிரைவில் போடவோ முடியாது. சந்தா நின்றால் கோப்பும் ஓடாது. செயலியை நீக்கி மறுபடி நிறுவினால் எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டும்.

இன்னொரு விதியை மலையில் இருப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். ஸ்பாட்டிஃபையும் யூடியூப் மியூசிக்கும் 30 நாளுக்கு ஒருமுறையாவது கைபேசி இணையத்தோடு இணைய வேண்டும் என்று கேட்கின்றன. சந்தா உயிரோடு இருக்கிறதா என்று செயலி அப்போது சரிபார்த்துக்கொள்கிறது. ஏற்காடு டவுனுக்கு வந்து போகிறவர்களுக்கு இது பெரிய தடையில்லை. ஆனால் பழைய கைபேசியொன்றைச் சிம் இல்லாமல் தோட்டத்து வீட்டில் பாட்டுக்கென்றே வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் கைபேசியை மாதம் ஒருமுறை இன்னொரு கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துச் செயலியைத் திறந்து வைக்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும்.

பதிவிறக்கம் சரியாக நடந்ததா என்பதை மலையேறிய பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டிலேயே கைபேசியை ஃபிளைட் மோடில் போட்டு, ஒருமுறை அணைத்துத் திறந்து, பட்டியலில் அங்கங்கே சில பாடல்களை ஓடவிட்டுப் பாருங்கள். பாதி இறங்கி நின்ற பட்டியல்கள் அப்போதே அகப்பட்டுவிடும்.

### ஸ்பீக்கருக்குப் பாட்டு எந்த வழியாகப் போகிறது

இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கைபேசியிலிருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டு போகும் வழிகள் மூன்று. முதலாவது, புளூடூத்தோ வயரோ. இதில் கைபேசிதான் பாட்டை ஓட்டுகிறது, ஸ்பீக்கர் ஒலிக்க மட்டும் செய்கிறது. கைபேசியில் இறக்கி வைத்த பாட்டு இணையமே இல்லாமல் ஓடும்.

இரண்டாவது, கூகுள் காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்றவை. அலெக்ஸாவிடம் வாயால் பாட்டுக் கேட்பதும் இதே வகைதான். இங்கே கைபேசி வெறும் ரிமோட். பாட்டை இணையத்திலிருந்து எடுப்பது ஸ்பீக்கர். கைபேசிக்குள் ஆயிரம் பாடல்கள் இறங்கியிருந்தாலும், இணையம் நின்றால் இந்த ஸ்பீக்கர் அவற்றைத் தொடாது. ஸ்மார்ட் டிவியில் உள்ள இசைச் செயலியும் அப்படித்தான். அதில் பதிவிறக்கி வைக்கும் வசதி கிடையாது.

மூன்றாவது, ஆப்பிளின் ஏர்பிளே. பாட்டு கைபேசியிலிருந்து வீட்டு வைஃபை வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது. வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு அறுந்தாலும், இன்வெர்ட்டரில் ரூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் இறக்கி வைத்த பாட்டு ஒலிக்கும்.

ஆகவே மலை வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை: பேட்டரியில் ஓடுகிற, வயர் செருகும் துளையும் உள்ள சாதாரண புளூடூத் ஸ்பீக்கர். விலை கூடிய வைஃபை ஸ்பீக்கர் சேலத்து வீட்டுக்கு இருக்கட்டும்.

### நம் பாட்டு இருக்கிறதா, நிலைத்திருக்குமா

இசைச் சேவைகள் பாடல்களுக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. இசை நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்பேரில் ஓடவிடுகிறார்கள். ஒப்பந்தம் முறிந்தால் பாட்டு மறையும். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், சரிகமா நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகிய பிறகு அந்த நிறுவனத்தின் பாடல்களை நீக்க வேண்டியதாயிற்று. பழைய ஹெச்.எம்.வி. இசைத்தட்டுகளின் வாரிசுதான் சரிகமா. அதனால் அந்தக் காலத்துத் திரைப்பாடல்களில் பெரும்பகுதி ஒரேயடியாகக் காணாமல் போயிற்று. 2020 ஜூனில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே அவை திரும்பி வந்தன. 2023இல் ஸீ மியூசிக்கின் பாடல்களும் இதே சேவையிலிருந்து சில வாரங்கள் மறைந்து திரும்பின. பதிவிறக்கி வைத்தவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை.

சேவையே மூடப்படுவதும் உண்டு. ரெஸ்ஸோ என்ற இசைச் செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல்கள் அவற்றோடு போயின. அதனால், எந்தச் சேவையில் இருந்தாலும் உங்கள் முக்கியமான பட்டியல்களைப் பாட்டின் முதலடி, படம், பாடியவர் என்று ஒரு நோட்டிலோ கைபேசிக் குறிப்பிலோ எழுதி வையுங்கள். சேவை மாறும்போது அந்தக் குறிப்பு உங்கள் கையில் இருக்கும்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் அவர்கள் மறக்காத ஐந்து பாடல்களைச் சொல்லச் சொல்லி, சோதனைக் காலத்திலேயே தேடுங்கள். ஏற்காடு சாலையில் நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறதே, டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பட நிறுவனம், அதன் படப் பாடல்களைத் தேடிப் பார்ப்பது நல்ல உரைகல். அவை கிடைத்தால் மட்டும் போதாது. அதே பாடகர் பாடிய மூலப் பதிவா, பிற்காலத்தில் வேறொருவர் பாடிய மறுபதிவா என்றும் கேட்டுப் பாருங்கள். பாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில் பலவிதமாகப் பதிவாகியிருக்கும். ஓர் எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்றால் படத்தின் பெயரைக் கொண்டு தேடுங்கள்.

### ஒலித்தரம்

மிகைப்படுத்திப் பேசப்படும் அளவுகோல் இது. 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட் தரவு) தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 12 எம்பி. ஐந்நூறு பாடல்களுக்கு 6 ஜிபி. இழப்பில்லாத தரம் என்று சொல்லப்படும் லாஸ்லெஸில் அதே பாட்டு ஏறத்தாழ 30 எம்பி ஆகும். ஐந்நூறுக்கு 15 ஜிபி. உயர் தெளிவு வகைக்குப் போனால் இதுவும் பல மடங்காகும். ஆனால் புளூடூத்தில் கேட்டால் அந்தக் கூடுதல் தரத்தை மறந்துவிட வேண்டியதுதான். சாதாரண புளூடூத் பாட்டை மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. வயர் ஹெட்போனோ நல்ல ஆம்ப்ளிஃபயரோ இருப்பவர்களுக்கே லாஸ்லெஸ் பொருள் தரும். ஐம்பதுகளின் பாடல்களில் கேட்கும் இரைச்சல் மூலப் பதிவிலேயே இருப்பது, எந்தத் தரத்தில் கேட்டாலும் அது போகாது. மாறாக, நல்ல அரங்கில் பதிவான நாதஸ்வரம், தவில், வீணை இசையைக் கவனித்துக் கேட்பவர்களுக்கு வேறுபாடு தெரியும்.

### எத்தனை பேர்

தனிநபர் சந்தாவில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் பாட்டு ஓடும். அப்பா வீட்டில் கேட்கும்போது மகள் கல்லூரி பஸ்ஸில் அதே கணக்கைத் திறந்தால் அப்பாவின் பாட்டு நின்றுவிடும். யார் சந்தாவில் யார் கேட்பது என்ற சண்டை அங்கே தொடங்கும். இருவருக்கு மேல் கேட்கும் வீட்டில் குடும்பத் திட்டத்தின் கட்டணத்தை ஆட்களால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் மலிவு.

## ஒவ்வொன்றாக

### ஸ்பாட்டிஃபை

எந்தக் கம்பெனிக் கருவியிலும் ஓடுவது இதன் பெரிய பலம். ஒருவர் கையில் ஆண்ட்ராய்டு, இன்னொருவர் கையில் ஐபோன், கூடத்தில் வேறொரு நிறுவனத்தின் ஸ்பீக்கர், மேசையில் விண்டோஸ் கணினி என்று கலந்து கிடக்கும் வீட்டில் இது சிக்கலில்லாமல் எல்லாவற்றிலும் புகும். அடுத்து என்ன கேட்கலாம் என்று பரிந்துரைப்பதிலும் இதுவே எனக்கு முதலிடம். ஒரு பாட்டிலிருந்து நான் அறியாத இன்னொரு பாட்டுக்கு இது கொண்டுபோன அளவு வேறெந்தச் செயலியும் கொண்டுபோகவில்லை.

கவனிக்க வேண்டியது திட்டத்தின் பெயரை. இந்தியாவில் 2025 நவம்பரில் லைட், ஸ்டாண்டர்ட், பிளாட்டினம் என்று திட்டங்களைப் பிரித்தார்கள். இவற்றில் விலை குறைந்த லைட்டில் பதிவிறக்கம் கிடையாது. சேலத்து வீட்டுக்கு அது போதும், மலைக்கு அது உதவாது. விலையை மட்டும் பார்த்து லைட்டை எடுப்பவர், சந்தா கட்டியும் கொண்டை ஊசி வளைவில் மௌனத்தைத்தான் கேட்பார். லாஸ்லெஸ் தரம் வேண்டுமென்றால் மேலே உள்ள பிளாட்டினத்துக்குப் போக வேண்டும். ஸ்பாட்டிஃபையின் பொது உச்சவரம்பு ஐந்து கருவிகள், கருவிக்கு 10,000 பாடல்கள். திட்டத்தைப் பொறுத்து இது குறையலாம் என்பதால் கட்டும் முன் பட்டியலைப் படித்துவிடுங்கள். ஆறாவது கருவியில் இறக்கினால், நெடுநாள் பயன்படுத்தாத கருவியிலிருந்து பாடல்கள் அழிந்துவிடும். தோட்டத்து வீட்டில் அலமாரியில் இருக்கும் பழைய கைபேசிதான் முதலில் பலியாகும்.

அண்மையில் கேட்டவற்றிலிருந்து இணையமில்லாத நேரத்துக்கென்று ஒரு பட்டியலைத் தானே ஆக்கித் தரும் வசதியும் இதில் உண்டு. பதிவிறக்க மறந்துவிட்டு மலையேறியவர்களுக்கு அது ஆறுதல்.

### யூடியூப் மியூசிக்

எங்கள் பக்கத்து வீடுகளுக்கு நான் முதலில் பரிசீலிக்கச் சொல்வது இதைத்தான். காரணம் இசையை மட்டும் சார்ந்ததில்லை. காலையில் கந்த சஷ்டிக் கவசம், மதியம் சமையல் குறிப்பு, மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் என்று ஏற்கெனவே யூடியூப் நாள் முழுக்க ஓடும் வீட்டில், யூடியூப் பிரீமியம் எடுத்தால் அங்கே விளம்பரமும் நிற்கும், இசைச் சேவையும் சேர்ந்துவரும். இசைக்கு மட்டுமான சந்தாவுக்கும் இதற்கும் உள்ள விலை வேறுபாடு சிறியது. குடும்பத் திட்டத்தில் எடுப்பவர் போக ஐந்து பேரைச் சேர்க்கலாம். ஆனால் அனைவரும் ஒரே வீட்டில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்கும் அண்ணனை இதில் சேர்ப்பது விதிக்குப் புறம்பு.

அதிகாரப்பூர்வமாக வெளிவராத பதிவுகள் இங்கே கிடைக்கும். கோயில் கச்சேரி, கிராமியப் பாடல், தெருக்கூத்துப் பாட்டு, வானொலியில் வந்து யாரோ சேமித்து ஏற்றியவை என்று வேறு எந்தச் சேவையிலும் இல்லாதவை. ஏற்றியவர் நீக்கினால் அவை மறையும் என்பது இதன் மறுபக்கம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு, அதிகம் பேருக்கு அது தெரியவில்லை. உங்களிடம் உள்ள சொந்தப் பாட்டுக் கோப்புகளைக் கணினி வழியாக இந்தச் சேவையில் ஏற்றி வைக்கலாம். 1,00,000 பாடல்கள் வரை இடமுண்டு. வேறு யாருக்கும் அவை தெரியா. சந்தா இல்லாவிட்டாலும் விளம்பரமின்றிக் கேட்கலாம், கைபேசியில் இறக்கியும் வைக்கலாம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் பதிவு செய்த மேளம், மாமா கல்யாணத்து நாதஸ்வர கேசட், அம்மாயி பாடிய தாலாட்டு ஆகியவை பழைய கேசட்டிலோ சிடியிலோ இருந்தால், எம்பி3 ஆக்கி இங்கே ஏற்றுங்கள். மூலக் கோப்புகளை ஹார்டு டிஸ்க்கிலும் வைத்துக்கொள்ளுங்கள். கேசட் நாடா ஆண்டுதோறும் நைந்துகொண்டே போகிறது. இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று வற்புறுத்தியே சொல்வேன்.

குறைகளும் உண்டு. ஒலித்தரம் 256 கேபிபிஎஸ் வரைதான், லாஸ்லெஸ் இல்லை. தேடினால் பாட்டும் காணொளியும் கலந்து வரும். வீட்டார் எல்லோரும் ஒரே கணக்கில் யூடியூப் பார்த்தால், குழந்தைப் பாட்டும் நகைச்சுவைக் காட்சியும் உங்கள் பரிந்துரைக்குள் நுழைந்துவிடும். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வதே வழி.

### ஆப்பிள் மியூசிக்

ஒலித்தரத்துக்காகப் பணம் கட்டுவதென்றால் இதுதான். 2021இலிருந்து லாஸ்லெஸும், சுற்றிலுமிருந்து ஒலிப்பதுபோல் கேட்கும் டால்பி அட்மாஸும் கூடுதல் கட்டணமின்றி இதில் உள்ளன. லாஸ்லெஸின் நுணுக்கம் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. அந்த உச்சத்தைக் கேட்க டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றும் டிஏசி என்ற தனிக் கருவி வெளியே வேண்டும். ஐபோனுக்கு ஆப்பிள் விற்கும் சிறிய வயர் அடாப்டர் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும், பெரும்பாலான காதுகளுக்கு அதுவே தாராளம்.

ஆண்ட்ராய்டிலும் இந்தச் செயலி உண்டு, லாஸ்லெஸும் உண்டு, பதிவிறக்கும் பாடல்களை மெமரி கார்டில் வைக்கவும் முடியும். ஆனால் வீடு முழுக்க ஆண்ட்ராய்டு, ஸ்பீக்கரும் புளூடூத் என்றால் இதன் சிறப்புகளில் பாதி வீணாகும். ஐபோனும் ஏர்பிளே ஸ்பீக்கரும் உள்ள வீட்டில்தான் இது முழுமையாக வேலை செய்யும். மலையில் இணைய இணைப்பு அறுந்தும் ரூட்டர் ஓடும் நேரத்தில் இதன் அருமை தெரியும்.

மறைமுகச் செலவு சேமிப்பு இடம். ஐபோனில் மெமரி கார்டு போட வழியில்லை. லாஸ்லெஸில் இறக்க ஆரம்பித்தால் 128 ஜிபி போன் விரைவில் திணறும். அமைப்பில் ஓடவிடும் தரத்தையும் இறக்கும் தரத்தையும் தனித்தனியாக வைக்கலாம். இறக்குவதை 256 கேபிபிஎஸ் தரத்தில் வைத்துக்கொண்டு, லாஸ்லெஸை வீட்டு வைஃபையோடு நிறுத்துவது புத்திசாலித்தனம். குடும்பத் திட்டத்தில் ஆறு பேர் வரை, ஆளுக்கொரு நூலகத்தோடு கேட்கலாம்.

### ஜியோசாவன்

2007இல் தொடங்கிய சாவனும் ஜியோ மியூசிக்கும் 2018இல் இணைந்து உருவானது. இந்திய மொழிப் பாடல்களை மையமாக வைத்துக் கட்டிய சேவை என்பதால், தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முகப்பிலேயே படங்கள், இசையமைப்பாளர்கள், பாடகர்கள் என்று வரிசையாக நிற்கும். தேடித் தேடிப் போக வேண்டியதில்லை. புரோ சந்தாவில் 320 கேபிபிஎஸ் தரமும் பதிவிறக்கமும் உண்டு. தமிழ்த் திரைப்பாடலும் பக்திப் பாடலும் மட்டுமே கேட்கும் வீட்டுக்கு, பெரிய பெயர்களைவிடக் குறைந்த கட்டணத்தில் இது போதுமானது. உலக இசையோ மேற்கத்தியச் செவ்வியல் இசையோ தேடுபவர் வேறு பக்கம் போவது நல்லது.

ரீசார்ஜோடு இலவசமாகச் சேர்ந்துவரும் இசைச் சந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. சிம் மாற்றினாலோ, நிறுவனம் அந்தச் சலுகையை நிறுத்தினாலோ உங்கள் பதிவிறக்கங்கள் பூட்டிக்கொள்ளும். இலவசமாக வரும் வரை கேளுங்கள். உங்கள் முழு இசைச் சேகரிப்பையும் அதன்மேல் கட்டாதீர்கள்.

### அமேசான் மியூசிக், கானா

அமேசான் பிரைம் ஏற்கெனவே இருந்தால், வேறெதற்கும் பணம் கட்டுமுன் உங்கள் பிரைம் வகையில் இசை அடங்குகிறதா என்று பாருங்கள். எல்லா வகையிலும் அடங்காது. அடங்கினால் ஒரு மாதம் அதையே பயன்படுத்திப் பார்ப்பது நியாயம். எக்கோ ஸ்பீக்கர் உள்ள வீட்டில் இது எளிதாகப் பொருந்தும். கானா 2022இல் இலவசச் சேவையை நிறுத்திச் சந்தாச் சேவையானது. ஏற்கெனவே அங்கே பட்டியல்கள் வைத்திருப்பவர்களுக்குத் தவிர, புதிதாகச் சேர்பவருக்கு ஜியோசாவனைவிட இதைத் தேர்வதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

### சந்தாவே இல்லாத வழி

அப்பாயி, தாத்தா தனியாக இருக்கும் மலை வீட்டுக்குச் செயலியைத் திணிக்காதீர்கள். சரிகமா 2017இல் கொண்டுவந்த கார்வான் பெட்டியில் ஐயாயிரம் பாடல்கள் உள்ளேயே இருக்கின்றன, தமிழுக்கென்று தனி வகையும் உண்டு. ஒருமுறை விலை கொடுத்தால் முடிந்தது. கடவுச்சொல், 30 நாள் கணக்கு, தானியங்கிப் பணப்பிடித்தம் எதுவும் கிடையாது. குமிழைத் திருப்பினால் பாடகர் மாறுவார். உள்ளே உள்ள பாடல்களை மாற்ற முடியாது என்பது குறை, ஆனால் பென் டிரைவ் செருகிக்கொள்ளலாம். கண் மங்கிய முதியவருக்குத் தொடுதிரையைவிடப் பொத்தானே மரியாதை.

## ஒரே பார்வையில்

| சேவை | இணையமில்லாதபோது | உச்ச ஒலித்தரம் | எந்த வீட்டுக்கு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஸ்பாட்டிஃபை | லைட் திட்டத்தில் இல்லை. மற்றதில் 30 நாள் விதி | பிளாட்டினத்தில் லாஸ்லெஸ் | பல கம்பெனிக் கருவிகள் கலந்த வீடு | தவறான திட்டத்தை எடுத்தல் |
| யூடியூப் மியூசிக் | 30 நாள் விதி. சொந்தக் கோப்புகளும் ஏற்றலாம் | 256 கேபிபிஎஸ் | யூடியூப் அதிகம் பார்க்கும் குடும்பம் | பரிந்துரைகள் கலங்குதல் |
| ஆப்பிள் மியூசிக் | ஏர்பிளே வழி இணையமின்றியும் ஒலிக்கும் | 24 பிட் லாஸ்லெஸ் | ஐபோன், வயர் ஹெட்போன் உள்ள வீடு | சேமிப்பு இடம், டிஏசி |
| ஜியோசாவன் புரோ | பதிவிறக்கம் உண்டு | 320 கேபிபிஎஸ் | தமிழ் மட்டும் கேட்பவர்கள் | சிம் சலுகையை நம்பியிருத்தல் |
| கார்வான் | எப்போதும் ஓடும் | பெட்டியின் ஸ்பீக்கரைப் பொறுத்தது | முதியவர்கள் | பாடல்கள் மாறா |

## கட்டணத்தில் கவனிக்க வேண்டியவை

தனிநபர் திட்டங்களில் பெரும்பாலானவை மாதம் ஏறத்தாழ 100 ரூபாயிலிருந்து 200 ரூபாய்க்குள் அடங்கும். மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் பெரிய சேவைகளில் உண்டு. பெரியார் பல்கலைக்கழகத்திலோ வேறு கல்லூரியிலோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். அது அந்த மாணவரின் கணக்குக்கு மட்டுமே, குடும்பத்துக்குப் பகிர முடியாது.

டேட்டா கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 320 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி. நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்டால் மாதம் 13 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜுக்குள் இது அடங்கிவிடும். டேட்டாவை மிச்சப்படுத்தப் பதிவிறக்க வேண்டிய காலம் போய்விட்டது. இப்போது சிக்னல் இல்லாத இடத்துக்காகத்தான் பதிவிறக்குகிறோம். சிக்னல் பலவீனமான இடத்தில் இணையத்தில் கேட்டால் கைபேசியின் பேட்டரியும் வேகமாக இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்சாரமில்லாத இரவில் அது சிறிய விஷயமில்லை.

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பணம் எந்த வழியாகக் கட்டினீர்களோ அங்கே போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். கூகுள் பிளேயில் கட்டினால் கூகுள் பிளேயில், ஆப்பிளில் கட்டினால் ஆப்பிள் கணக்கில், யூபிஐ ஆட்டோபே என்றால் அந்தச் செயலியிலும் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். இலவசச் சோதனைக் காலம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, அம்மாபேட்டை தறிக்கூடம், ஏற்காட்டு விடுதி நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தச் சந்தாக்கள் அனைத்தும் சொந்தப் பயன்பாட்டுக்கானவை. கொலுசு பற்றவைப்பவர் காதில் மாட்டிக் கேட்பது வேறு, விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் விருந்தினர்களுக்கு ஓடவிடுவது வேறு. இரண்டாவதற்குப் பதிப்புரிமைச் சட்டப்படி தனி உரிமம் தேவைப்படும், மாதச் சந்தா அதற்கு ஈடாகாது.

## யாருக்கு எது

சேலத்திலேயே இருந்து, வார இறுதியில் மட்டும் மலையேறும் நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. புதுப்புது இசை தேடும் இளைஞருக்கு, கருவிகள் கலந்திருந்தால், பதிவிறக்கம் உள்ள ஸ்பாட்டிஃபை திட்டம். வயர் ஹெட்போனில் கண்ணை மூடிக் கேட்பவருக்கு ஆப்பிள். தோட்டத்திலேயே தங்கி, தமிழ்ப் பாட்டு மட்டும் கேட்டு, செலவைக் குறைக்க நினைப்பவருக்கு ஜியோசாவன் புரோவும் பேட்டரி ஸ்பீக்கரும்.

எதை எடுத்தாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மாதக் கட்டணமே கட்டுங்கள். ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி இருக்கலாம். ஆனால் பாட்டி கேட்ட பாட்டு இல்லை என்பதும், மலை வீட்டு ஸ்பீக்கரோடு ஒத்துப்போகவில்லை என்பதும் பயன்படுத்தும்போதுதான் தெரியவரும். ஒரு மழைக்காலத்தையாவது அந்தச் சேவையோடு மலையில் கழித்துப் பார்த்துவிட்டு ஆண்டுக் கட்டணத்துக்கு மாறலாம். இரண்டு சேவைகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியவில்லை என்றால், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாதம் ஒன்று, மறு மாதம் மற்றொன்று என்று மாற்றிப் பாருங்கள். முதலாவதை ரத்து செய்த பிறகே இரண்டாவதற்குப் பணம் கட்டுங்கள்.